பி.டி. பீரியடும் டியூஷனும்: சத்துவாச்சாரி பெற்றோருக்குப் பதில்

வணக்கம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது, டியூஷன் முடிய இரவு ஏழாகிறது, எடையும் கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதை ஒரே தடவையில் முடிக்க வேண்டியதில்லை என்பதால், மதிய இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடுவதும் கணக்கில் சேரும்.

பள்ளிக்குத் தனியாகப் போனால் 'பார்க்கலாம்' என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே சில பெற்றோராகச் சேர்ந்து, கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் பேசுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது.

டியூஷனை ஆறரை மணிக்குத் தள்ளி வைக்க முடியுமா என்றும் கேட்டுப்பாருங்கள், ஏனெனில் வேலூர் வெயிலில் ஐந்தரைக்கு முன் பிள்ளையை வெளியே விடுவது வீண் வேலை. நேதாஜி விளையாட்டரங்கம், கோட்டைப் பூங்கா எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. கிரீன் சர்க்கிள் நெரிசலைத் தாண்டித் தினமும் போய்வர இயலாது. மற்ற நாள்களில் தெருப் பிள்ளைகளோடு விளையாடட்டும், கோடையில் காலை ஆறு மணிக்கே மொட்டைமாடியில் ஸ்கிப்பிங் ஆடட்டும். வாரம் மூன்று நாளாவது அப்படிக் குதிப்பது எலும்புக்கும் வலு.