வல்லத்துல ரெண்டு பேட்டரி: சேர்த்து சார்ஜ் போடலாமா?

கேள்வி: அண்ணே, எங்க வல்லத்துல ரெண்டு 12 வோல்ட் பேட்டரி, ஒண்ணு செல்ஃப் அடிக்க, இன்னொண்ணு ஜிபிஎஸ், எக்கோ (ஆழம் காட்டுற கருவி), லைட்டுக்கு. நடுவுல 1, 2, போத் (ரெண்டும் சேர்ந்து), ஆஃப்னு சுவிட்ச் இருக்கு. கரையில சுவிட்சை போத்ல வச்சு ஒரே சார்ஜர்ல ரெண்டையும் ஏத்தலாமா? போன வாரம் கிளிப்பை புடுங்குறப்ப டப்புனு பொறி வந்துச்சு.
வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் பொறியைப் பத்தி சொல்லிடுறேன், அதுதான் உயிர் போற விஷயம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலேர்ந்து ஹைட்ரஜன் வாயு வரும், காத்துல அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு சின்னப் பொறிக்கு வெடிக்கும், லேசான வாயுங்கிறதால மேல ஏறி தளத்துப் பலகைக்கு அடியிலயே தங்கிக்கும். அதனால மூடியை நல்லா திறந்து காத்தாட விட்டுட்டு, கிளிப்பை மாட்டின பிறகுதான் சார்ஜர் சுவிட்சை போடணும், எடுக்கிறப்ப சார்ஜரை ஆஃப் பண்ணிட்டுதான் கிளிப்பை தொடணும். பீடி, சிகரெட் பக்கத்துலயே வேணாம்.

போத்ல வச்சு ஏத்தாதீங்க. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசுன்னா பழசுல ஒரு செல் செத்திருந்தா அது நல்ல பேட்டரியோட கரண்டையும் சேர்த்து இழுத்து சூடாகி கொதிக்கும். தனித்தனியா போடுங்க, 100 ஏஹெச் (ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரிக்கு 10 ஆம்பியர் போதும். சாதா ஆசிட் பேட்டரின்னா 14.4 வோல்ட் வரைக்கும் ஏத்திட்டு தானா 13.6 கிட்ட இறங்குற சார்ஜர் வாங்குங்க, பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்ல பல பேர் ராத்திரி முழுக்க விட்டுட்டு தூங்குறாங்க, அதுல தண்ணி வத்தி பிளேட் வெளிய தெரியுது. லித்தியம் பேட்டரின்னா அதுக்குன்னே உள்ள சார்ஜர்தான்.

கடல்ல இன்ஜின் ஓடுறப்ப சுவிட்சை ஆஃப் பக்கம் கொண்டு போகவே கூடாது, டைனமோ டயோடு போயிடும். இன்ஜினை நிறுத்தி வலை போட்டு கிடக்கும்போது போத்ல விட்டா லைட்டே ரெண்டையும் குடிச்சிடும், அப்புறம் செல்ஃப் அடிக்க ஒண்ணும் இருக்காது, அதனால அப்ப லைட்டு பேட்டரியில மட்டும் வைங்க.

பேட்டரியை அடித்தண்ணி தொடாத உயரத்துல பெட்டிக்குள்ள கட்டுங்க, உப்புத்தண்ணி செல்லுக்குள்ள போனா குளோரின் கிளம்பும். வாடையில தொழிலுக்குப் போகாம கிடந்தா வயரை கழட்டிட்டு மாசம் ஒரு தடவை ஏத்துங்க, நல்லா ஏறின பேட்டரி சார்ஜரை எடுத்து சில மணி நேரம் கழிச்சு 12.7 காட்டும். சார்ஜ் போட்டிருக்கப்ப அழுகின முட்டை நாத்தம் வந்தா பேட்டரி கிட்டயே போகாம சார்ஜருக்கு கரண்ட் வர்ற கரை மெயின் சுவிட்சை அணைச்சிட்டு ஆளுங்களை வெளிய வரச் சொல்லுங்க, அந்த பேட்டரியை திரும்ப படகுல ஏத்தாதீங்க.