நூலகர் பதில்கள்: பூட்டில்லாத மேசை

கேள்வி: கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மாதந்தோறும் ஏதாவது ஒரு தினத்துக்காகப் புத்தகக் காட்சி வைக்கிறேன். சார்ட் எழுதி, பூ வெட்டி ஒட்டி எவ்வளவு பாடுபட்டாலும் மாணவர்கள் நின்றுகூடப் பார்ப்பதில்லை. இது வீண் வேலையா?
— ஓர் இளம் நூலகர்

பதில்: வீண் வேலை இல்லவே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து அப்படியே இஷ்யூ கவுன்டருக்குக் கொண்டுபோக முடியுமா? நான் வேலைக்கு வந்த புதிதில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டித்தான் வைத்தேன். அதிலிருந்த வானியல் புத்தகம் ஒன்றைக் கேட்டு ஒரு மாணவி மூன்று நாள் வந்தாள். சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். நான்காம் நாள் அவள் வரவில்லை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் தந்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதி, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு பூட்டில்லாத மேசைதான்.

அலமாரியால் முடியாத ஒரு வேலையைக் காட்சி மேசை செய்யும். பொருளுக்கு ஓர் எண் தரும் டியூவி பகுப்பில் அடுக்கும்போது ஒரே விஷயம் நாலா பக்கமும் சிதறிவிடுகிறது. மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை 551-இல் இருக்கும், மண்வளம் 631-இல், குடிநீரும் கழிவுநீரும் 628-இல், காய்ச்சல்கள் 616-இல், மழைக் கவிதை 800 வரிசையில். மழைக்காலம் தொடங்கும் வாரத்தில் இவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். சிவில் படிக்கிற பையன் கவிதையைப் புரட்டுவான். இலக்கியம் படிக்கிற பெண் வடிகால் பற்றிய நூலை எடுத்துக்கொண்டு போவாள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தினங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். நாள் வேண்டுமென்றால் கேள்வி எழுப்பும் நாளாகப் பாருங்கள். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்துக்கு வரும். பத்து நாள் முன்பே வானியல் நூல்களை 523-இலிருந்து எடுத்து வைத்து, ஒரே ஓர் அட்டை எழுதினேன்: ‘எரிகல் பொழிவு பெரும்பாலும் வால்மீன் விட்டுப்போன தூசியால் வருவது. இது ஏன் ஃபேத்தான் என்ற சிறுகோளிலிருந்து வருகிறது?’ அட்டையைப் படித்தவர்கள் அங்கேயே நின்று புரட்டினார்கள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளிலும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. ஷேக்ஸ்பியர், ஸ்பெயின் நாவலாசிரியர் செர்வான்டெஸ் இருவருக்கும் 1616-இல் அந்தத் தேதியையே இறந்த தேதியாகச் சொல்வார்கள். ஆனால் இங்கிலாந்தில் அன்று ஜூலியன் நாட்காட்டி, ஸ்பெயினில் கிரிகோரியன். இடையே பத்து நாள் வித்தியாசம். அப்படியானால் இருவரும் ஒரே நாளிலா இறந்தார்கள்? அவர்களின் நாடகத்தோடும் நாவலோடும் 529-இல் தூங்கும் காலக்கணக்கு நூலையும் சேர்த்து வைக்கலாம்.

இருபது புத்தகங்கள் போதும். முன்னட்டை தெரிய நிற்க வேண்டும். பாதியாவது ஐந்து வருடமாக யாரும் எடுக்காதவையாக இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே காட்சி வேண்டாம், கண் பழகிவிடும். பூ வெட்டும் நேரத்தை மிச்சம்பிடித்து, மேசையில் விழும் இடைவெளியை நிரப்பப் பத்துப் புத்தகம் தயாராக வைத்திருங்கள். எத்தனை இடைவெளி விழுந்தது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். பார்த்துவிட்டுப் போனவர் எண்ணிக்கையை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

கேள்வி: தாத்தாவின் பழைய கடிதங்களைக் கல்லூரி நூலகக் கண்காட்சிக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஒரு மாணவி

பதில்: நகலைக் கொடுங்கள் அம்மா. மையும் தாளும் வெளிச்சத்தில் மங்கினால் திரும்பி வராது. மூலத்தைத்தான் வைக்க வேண்டுமென்றால் ஜன்னலோரம் கூடாது, வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். செலோடேப் ஒட்டவோ லேமினேட் செய்யவோ யாரையும் விடாதீர்கள். கொடுக்கும்போது எத்தனை தாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நூலகத்தில் கூட்டம், கலந்துரையாடல் என்று நடத்துகிறார்கள். படிக்க வருபவருக்கு இடைஞ்சல் இல்லையா?
— ஒரு பேராசிரியர்

பதில்: இடைஞ்சல்தான் ஐயா. அமைதியை நாடி வருபவருக்கு அதைத் தருவது எங்கள் கடமை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஆள் மிகக் குறைவான நேரத்தில், தனி அறையில், நாற்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வாசிப்பு மேசைகளில் மூன்று நாள் முன்பே அறிவிப்பு வைக்க வேண்டும்.

ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2000-இல் டென்மார்க்கில் ‘மனித நூலகம்’ என்று ஒன்று தொடங்கினார்கள். புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை இரவல் வாங்கி, எதிரே உட்கார்ந்து பேசலாம். எங்கள் வளாகத்தில் மரம் வளர்ப்பவரை அப்படி உட்கார வைத்தோம். ஒருவருக்கு இருபது நிமிடம் என்று வைத்திருந்தும் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒட்டுக் கட்டுவதை அவர் விரலாலேயே காட்டினார். பக்கத்திலேயே பழத்தோட்ட நூல்களை வைத்திருந்தேன். அன்று மாலைக்குள் மூன்று வெளியே போயின. ஒன்றை அவரே எடுத்துக்கொண்டார். அத்தனை வருடம் அதே வளாகத்தில் இருந்தும், அவர் பெயருக்கு ஓர் உறுப்பினர் அட்டை போட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. எனக்கும்தான்.

கேள்வி: தேர்வுக் காலத்தில் காட்சி தேவையா?
— அதே இளம் நூலகர்

பதில்: வேண்டாம். மேசையை எடுத்துவிட்டு இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். கடைசித் தேர்வன்று மதியம் மறுபடி போட்டு, நாவலும் பயண நூலும் நிரப்புங்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பையோடு வருவார்கள். திருப்பித் தரும் தேதியை விடுமுறை முடியும் நாளாக முத்திரை குத்திக் கொடுங்கள்.