நாசிக் வைன் தோட்டத்தில் வேலை செய்கிறேன், கேளுங்கள்

ஒன்பது வருடமாக இங்கேதான். முதலில் ஆலைக்குள் இருந்தேன், இப்போது வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுகிறேன். முன்கூட்டியே ஒன்று: வண்டி ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. விலக்கு கேட்டு எழுத வேண்டாம்.

கே: எப்போது வரலாம்?
ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. ஜூலையில் வந்தால் மலை பச்சையாக இருக்கும், கொடியில் பழம் இருக்காது.

கே: இயற்கை முறைத் தோட்டம் என்றால் மருந்தே அடிக்க மாட்டீர்களா?
யார் சொன்னது? அடிச்சாம்பல் நோய் வந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள், அது இயற்கை முறையில் செல்லும். ஆனால் மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். லேபிளில் இலை படம் பார்த்து மயங்காமல், தாமிரம் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேளுங்கள்.

கே: தண்ணீரை எப்படி மிச்சப்படுத்துகிறீர்கள்?
எல்லோரும் சொட்டு நீரைப் பற்றியே கேட்கிறார்கள், கழுவுகிற தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தொட்டி, குழாய், பிழியும் இயந்திரம், தரை எல்லாம் அறுவடைக் காலத்தில் தினமும் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரில் சர்க்கரை, ஈஸ்ட், புளிப்பு எல்லாம் இருக்கும், அப்படியே ஓடையில் விட்டால் நீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் சக்கையையே தண்ணீர் பீய்ச்சித்தான் தள்ளுவோம், நாள் முழுக்கக் குழாய் திறந்தே கிடக்கும். இங்கே முதலில் துடைப்பத்தால் வாரி எருக்குழிக்கு, அப்புறம்தான் தண்ணீர். சுத்திகரித்தது செடிக்குப் போகிறது. பழத்தை இரவிலேயே பறிப்பதும் இதே மாதிரிச் சிக்கனம்தான், ஆனால் மிச்சமாவது மின்சாரம்: குளிர்ந்த பழம் வந்தால் குளிரூட்டும் இயந்திரத்துக்கு வேலை குறைவு.

கே: சல்பைட் இல்லாத வைன் உண்டா?
சல்பைட் என்பது வைன் கெடாமலிருக்கப் போடுவது. அதைச் சேர்க்காதது உண்டு. அறவே இல்லாதது அரிது, ஈஸ்டே கொஞ்சம் உண்டாக்கும்.

கே: கம்பத்துக்காரன் கேட்கிறேன், எங்கள் பன்னீர் திராட்சை வைனுக்கு ஆகாதா?
அண்ணே, ஆகும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், நல்ல வாசனை, இனிப்பு வைனுக்குப் பொருந்தும். ஆனால் இங்கே சிராஸ் போன்ற ரகங்களைத் தேடுகிறார்கள், பழம் சிறியது, தோல் தடிப்பு, வாயில் போட்டால் கொட்டைதான் மிஞ்சும். நீங்கள் பந்தல் போடுகிறீர்கள், இங்கே பெரும்பாலும் கம்பி வரிசை.

கே: பாட்டில் லேசாக இருந்தால் மட்டமான வைனா?
நாலு பேர் இதையே கேட்டு ஒருவரோடொருவர் சண்டையும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வைனின் தரத்துக்கும் பாட்டில் எடைக்கும் சம்பந்தமே இல்லை. 400 கிராமிலும் பாட்டில் உண்டு, 900 கிராமிலும் உண்டு, உள்ளே இருப்பது அதே 750 மில்லி. கண்ணாடியை உருக்கும் உலையும் அதைச் சுமக்கும் லாரியும் தின்னும் எரிபொருளைப் பாருங்கள், சூரியத் தகடு போட்டுவிட்டுக் கனமான பாட்டிலில் அடைத்து விற்றால் என்ன பிரயோஜனம்? 'பரிசாகக் கொடுத்தால் கௌரவமாக இருக்க வேண்டாமா' என்று கேட்டவரே, கௌரவத்துக்குத் துணிப்பையில் போட்டுக் கொடுங்கள்.

கே: குழந்தைகளை அழைத்து வரலாமா?
எங்களிடம் வரலாம், திராட்சைச் சாறு தருவோம். ருசி பார்க்கும் அறைக்குள் மட்டும் விட மாட்டோம்.

கே: சொந்தமாக ஆலை வைக்க உரிமம்?
கலால் துறையைக் கேளுங்கள்.

கே: இரண்டு கிளாஸ்தானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாமே?
இதைக் கேட்கிற மூன்றாவது ஆள் நீங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் வழக்கு. துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருக்கிறோம், துப்புங்கள். இல்லையென்றால் சாவியை மாமியாரிடம் கொடுங்கள்.