வெல்வெட்டில் புதுசா ஏதாவது தைக்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

தை மாதக் கல்யாணங்களுக்கு வெல்வெட் ரவிக்கை தைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது இந்த முறை வந்திருக்கும் கேள்விகளிலேயே தெரிகிறது. ரவிக்கையோடு நிற்காமல், மிஞ்சிய துண்டில் எதையாவது செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களும் நிறைய. அவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரே துணியில் வெட்டிய கத்தரிப்பூ நிற வெல்வெட் ரவிக்கை. தைத்து முடித்த பிறகு ஒரு கை மட்டும் வெளிறித் தெரிகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? – திருப்பாதிரிப்புலியூர் வாசகி

துணியில் தப்பில்லை. அந்தக் கை தலைகீழாக வெட்டப்பட்டிருக்கிறது. வெல்வெட் நெய்யும்போது பெரும்பாலும் இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தறியில் ஓட்டுவார்கள். இரண்டையும் இணைக்கும் இழைகளை நடுவில் ஒரு கத்தி அறுத்துக்கொண்டே போகும். அறுபட்ட அந்த நுனிகள்தான் நம் கையில் மெத்தென்று படும் முடி. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். பூனை முதுகைத் தடவுவது போலத்தான், ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். முடி மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும். கீழ்நோக்கி இருந்தால் வெளிச்சம் பட்டு வெளிறும்.

இந்தச் சாய்வுக்குப் பெயர்தான் வாட்டம். எல்லாத் துண்டும் ஒரே வாட்டத்தில் வரவேண்டும் என்பதால், வழக்கமாக வாங்குவதை விடக் கால் மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். துணியை மடித்து வெட்டாமல், ஒற்றையாக விரித்து, பின்பக்கத்தில் சாக்பீஸால் வரைந்து வெட்டுங்கள். மீதித் துணி இருந்தால் அந்தக் கையை மாற்றிவிடலாம். இல்லையென்றால் இரண்டு கைகளையும் பிரித்துவிட்டு பிராக்கேடில் வையுங்கள். வேண்டுமென்றே அப்படித் தைத்தது போலவே இருக்கும்.

ஒரே நிறத்தில் துண்டு வெல்வெட் ஒரு பை நிறைய இருக்கிறது. என்ன செய்யலாம்? – முத்தியால்பேட்டை வாசகி

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரே நிறம் என்று கவலைப்படுகிறீர்கள். அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். மேலே சொன்ன வாட்டத்தையே டிசைனாக்கிவிடலாம்.

நான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். வெட்டியவுடன் ஒவ்வொன்றின் பின்பக்கமும் முடி சாயும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். இதை மறந்தால் பிறகு ஒவ்வொரு துண்டாகத் தடவிக்கொண்டே உட்கார வேண்டியதுதான். பிறகு, ஒரு சதுரம் அம்பு மேலே, அடுத்தது அம்பு கீழே என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரே கரும்பச்சைத் துணி இருளும் ஒளியுமாகச் சதுரங்கப் பலகை ஆகிவிடும். அடுக்கியதை ஜன்னலோரம் வைத்து எல்லாப் பக்கமிருந்தும் பாருங்கள். நீங்கள் நகர நகர இருண்ட கட்டம் வெளுக்கும், வெளுத்த கட்டம் இருளும். எந்த பிரிண்ட் துணியிலும் இது வராது. அம்பைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் கிடைக்கும்.

தைக்கும்போது அரை அங்குலம் விடுங்கள், மூன்று அங்குலக் கட்டம் நிற்கும். எதிரெதிர் வாட்டமுள்ள துண்டுகள் என்பதால் எந்தப் பக்கமிருந்து தைத்தாலும் ஏதாவது ஒன்று எதிர்த்து நகரத்தான் செய்யும். அதனால் முதலில் கையால் ஓட்டுத்தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) கட்டாயம். பின்னால் ஒட்டும் கேன்வாஸை அயர்ன் செய்து ஒட்டாதீர்கள், முடி நசுங்கிவிடும். மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தைத்தால் போதும். முதல் முயற்சிக்குக் குஷன் உறை சரியான அளவு. துண்டு போதவில்லை என்றால் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தேடிப் பாருங்கள். ஆனால் அங்கே எடுக்கும் துண்டின் நிறத்தையும் வாட்டத்தையும் வெயிலில் நின்று சரிபார்த்து வாங்குங்கள்.

மிஷினில் தைக்கும்போது மேல்துணி நகர்ந்து, முடிவில் அரை அங்குலம் நீண்டுவிடுகிறது. – பண்ருட்டி வாசகி

இரண்டு முடிப் பக்கங்களும் ஒன்றையொன்று தள்ளுவதால் வருவது. தையலுக்குள் மறையும் ஓரத்தில் இரண்டு வரிசை ஓட்டுத்தையல் போடுங்கள், அதுவும் பட்டு நூலில் போட்டால் தடம் விழாது. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் இருக்கும் கம்பிக்கு மேலே ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறையுங்கள். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டி, முடி சாயும் திசையிலேயே மெதுவாக ஓட்டுங்கள். மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்தே நகர்த்தும் வாக்கிங் ஃபுட் வாங்க முடிந்தால் வாங்குங்கள், கொடுத்த காசுக்கு உழைக்கும். கனமான வெல்வெட்டுக்கு 14 நம்பர் ஊசி போதும். ஸ்ட்ரெட்ச் வெல்வெட் என்றால் அதற்கென்றே வரும் ஸ்ட்ரெட்ச் ஊசிதான், சாதா ஊசி தையலைத் தவறவிடும். வேலை முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றி உதிர்ந்த முடியைத் துடையுங்கள்.

மர அச்சு வைத்து அயர்ன் செய்தால் வெல்வெட்டில் பூ பதியும் என்றார்கள். எனக்குத் துணி உருகி மினுமினுவென்று ஆகிவிட்டது. – வில்லியனூர் வாசகி

உங்கள் துணி பாலியெஸ்டர். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெல்வெட்டில் பெரும்பகுதி அதுதான். இந்த வேலைக்கு விஸ்கோஸ் ரேயான் அல்லது பட்டு வெல்வெட் வேண்டும். ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். உருகி உருண்டையாக இறுகினால் பாலியெஸ்டர். காகிதம் போல எரிந்து சாம்பலானால் ரேயான். தலைமுடி கருகும் வாடை வந்தால் பட்டு.

சரியான துணி கிடைத்தால் செய்முறை சுலபம். ஆழமாகச் செதுக்கிய, நுணுக்கம் குறைந்த அச்சை முகம் மேலே பார்க்க வையுங்கள். வெல்வெட்டின் முடிப் பக்கம் அச்சின்மேல் படட்டும். பின்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான அயர்னை நகர்த்தாமல் பதினைந்து, இருபது விநாடி அழுத்தித் தூக்குங்கள். அடிப்பாகத்தில் நீராவி ஓட்டைகள் உள்ள அயர்ன் என்றால், ஓட்டை இல்லாத இடம் அச்சின்மேல் வருமாறு பிடியுங்கள், இல்லாவிட்டால் வட்டப் புள்ளி விழும். துவைத்தால் பூ மங்கும். ஆகவே பர்ஸ் மூடி, சட்டம் போட்ட படம் போன்றவற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்வெட்டில் ஆரி வேலைக்கு (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) டிசைன் டிரேஸ் செய்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. மணிகளும் உள்ளே புதைந்துவிடுகின்றன. – கடலூர் முதுநகர் வாசகி

டிரேஸ் செய்யத் தடவும் பவுடர் முடிமேல் நிற்காது. டிசைனை பட்டர் பேப்பரில் வரைந்து, வெல்வெட்டின்மேல் வைத்து ஓரங்களைத் தைத்துவிட்டு, காகிதத்தோடு சேர்த்தே முதல் கோட்டை செயின் தையலில் போடுங்கள். பிறகு காகிதத்தை மெதுவாகக் கிழித்தெடுத்தால் கோடு நிற்கும். பொடி மணியைத் தனியாக வைக்காமல், அடியில் தடித்த நூல் கொடுத்து எழுப்பி, அதன்மேல் தையுங்கள். வட்ட ஃபிரேமில் மாட்டி இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், வளையத் தடம் போகவே போகாது.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு முழு வெல்வெட் கவுன் தைக்கலாமா? சித்திரையில் வருகிறது. – அரியாங்குப்பம் வாசகி

வேண்டாம். நம்ம ஊர் சித்திரைப் புழுக்கத்தில் குழந்தைக்கு வியர்க்குரு வந்துவிடும். பருத்தியில் கவுன் தைத்து, காலருக்கும் இடுப்புப் பட்டைக்கும் மட்டும் வெல்வெட் வையுங்கள்.

கோயில் தேருக்கு வெல்வெட் தொம்பை (தேரில் தொங்கவிடும் உருளை வடிவத் துணி அலங்காரம்) தைக்கிறோம். உருவங்களையும் வெல்வெட்டிலேயே வெட்டி ஒட்டலாமா? தைத்ததை எப்படிப் பாதுகாப்பது? – நெல்லிக்குப்பம் வாசகர்

வெல்வெட்மேல் வெல்வெட் தடிக்கும், ஓரமும் பிரியும். யாளி, அன்னம் எல்லாம் பருத்தியிலோ சாட்டினிலோ வெட்டி, ஓரத்தில் கயிறு கொடுத்துக் கையால் தையுங்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஓரக்கயிறுதான் உருவத்தை எடுத்துக்காட்டும்.

திருவிழா முடிந்ததும் நிழலில் நன்றாக உலர்த்தி, மடிக்காமல், முடிப் பக்கம் வெளியே இருக்கும்படி குழாயில் சுற்றி, பழைய வேட்டியால் மூடிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். அந்துருண்டை போடுவதானால் துணியில் முடிந்து தனியாக வையுங்கள், சரிகையில் படவிடாதீர்கள். நசுங்கிய இடம் இருந்தால், தடித்த டவலை விரித்து முடிப் பக்கம் கீழே போகும்படி வைத்து, பின்பக்கமாக நீராவி மட்டும் காட்டுங்கள், அயர்ன் துணியைத் தொடவே கூடாது. ஈரம் காயும்வரை யாரையும் கை வைக்க விடாதீர்கள்.