பட்டறை பதில்கள்: அடைத்துக்கொண்டால் திறப்பது யார்?

கேள்வி: அண்ணா, வணக்கம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, சின்ன அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கேரவன் மாதிரி மாற்றியிருக்கிறேன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு வழியில் உள்ள கழிப்பறைகளில் உட்கார முடிவதில்லை. அவரைக் கோயில்களுக்கு அழைத்துப் போகத்தான் இந்த வண்டி. கழிவுத் தொட்டி 80 லிட்டர். வீட்டுச் செப்டிக் டேங்க், வண்டி நிற்கும் இடத்திலிருந்து 12 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் மேட்டில் இருக்கிறது. அரை எச்.பி. மோனோபிளாக் தண்ணீர்ப் பம்ப் வைத்து ஏற்றிப் பார்த்தேன். இரண்டாம் தடவையே அடைத்துக்கொண்டது. 500 ரூபாய் கொடுத்து ஓர் ஆளைக் கூப்பிட்டுத் திறந்து எடுக்க வைத்தேன். இப்போது மிக்ஸி மோட்டாரில் பிளேடு மாட்டி, அரைத்துத் தள்ளலாமா என்று யோசிக்கிறேன். என் கையாலேயே செய்ய ஆசை. வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, அம்மாவுக்காக வண்டியையே மாற்றிய உங்களுக்குப் பம்ப் செய்வது பெரிய வேலை இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த 500 ரூபாய் வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது. முதலில் அதைப் பேசிவிடலாம்.

தர்மபுரியில் நான் மோட்டார் ரீவைண்டிங் கற்றுக்கொண்ட நாளில், ஒரு விடுதியின் கழிவுநீர் மோட்டார் நின்றுபோய் எங்களைக் கூப்பிட்டார்கள். மோட்டாரில் கோளாறில்லை, உள்ளே துணி சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுக்க ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். அவர் துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்து மூக்கை மூடிக்கொண்டு, வெறும் கையை முழங்கை வரை உள்ளே விட்டார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்ததும் அவர் கேட்டது ஒரு துண்டு சோப்பு. கொடுத்தேன். கை கழுவியவர், அந்தச் சோப்பையும் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, மதில் மேல் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் கழிவுநீர் பம்ப் என்று யார் வந்தாலும் என் கண் முன்னால் நிற்பது மதில் மேல் இருந்த அந்த ஈரச் சோப்புதான்.

கையால் கழிவு அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது கூடாது. ஆகவே, எத்தனை மீட்டர் ஏற்றும், எத்தனை நிமிடத்தில் காலியாகும் என்பதையெல்லாம் அப்புறம் பாருங்கள். முதலில் போட வேண்டிய கணக்கு, அடைத்துக்கொண்டால் யார் திறப்பது என்பது. யாரும் திறக்க வேண்டாத மாதிரி அமைக்க முடியும். அதைத்தான் கீழே சொல்கிறேன்.

மிக்ஸி மோட்டார் வேண்டவே வேண்டாம். மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 5 நிமிடம் ஓட்டு, 2 நிமிடம் நிறுத்து என்றுதான் இருக்கும். அந்த மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிப் பொறி பறந்துகொண்டே இருக்கும். கழிவுத் தொட்டியில் மீத்தேன் உண்டாகிறது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதோடு 230 வோல்ட், ஈரத் தரை, ஒழுகும் சீல். அம்மா படுத்திருக்கும் வண்டிக்குப் பக்கத்தில் இந்தக் கூட்டணி ஆகாது.

மோனோபிளாக் ஏன் அடைத்தது என்றால், அது கிணற்றுத் தண்ணீருக்காகச் செய்தது. அதன் இம்பெல்லரில், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தில், தண்ணீர் போகும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அடைக்க ஒரு ஈரத் துடைப்பான் (வெட் வைப்) போதும். அந்தத் துடைப்பான் காகிதம் மாதிரி கரையாது, நூல் நூலாகப் பிரிந்து இம்பெல்லரைச் சுற்றிக்கொள்ளும்.

கேரவனுக்கென்றே 12 வோல்ட் அரைவை பம்புகள் கடையில் உண்டு. அரைத்து, முக்கால் அல்லது ஒரு அங்குல ஓஸில் தள்ளிவிடும். 16 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். உள்ளே ரப்பர் இம்பெல்லர், தண்ணீர் இல்லாமல் ஓடினால் கருகிவிடும். துணியோ முடியோ போனால் அதையும் யாரோ ஒருவர் திறக்கத்தான் வேண்டும். வழியில் எடுத்துப்போக அது வசதி. வீட்டில் நிலையாக வைக்க, நான் வேறு வழிக்குப் போவேன்.

கழிவுநீர் லாரி உறிஞ்சுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? அந்த லாரியின் பம்புக்குள் கழிவு போவதே இல்லை. பம்ப் இழுப்பது தொட்டிக்குள் இருக்கும் காற்றை மட்டும். காற்று போன இடத்துக்குக் கழிவு தானாக வந்து சேரும். இறக்கும்போது அதே பம்ப் காற்றை உள்ளே அனுப்ப, கழிவு வெளியே போகும். சுழலும் பாகம் எதையும் கழிவு தொடுவதில்லை. இதையே சின்ன அளவில் செய்துகொள்ளலாம்.

நெடுஞ்சாலை ஓரப் பஞ்சர் கடைகளில் கழித்துப்போட்ட ஏர் கம்ப்ரஸர் கிடைக்கும். கிருஷ்ணகிரியில் ரோட்டுக்குப் பஞ்சமா என்ன! 150 லிட்டர் காற்றுத் தொட்டியோடு, 1 எச்.பி. ஒற்றை பேஸ் மோட்டார் உள்ளதாகப் பாருங்கள். தொட்டியின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கணீரென்ற சத்தம் மந்தமாகிற இடத்தில் உள்ளே துரு தின்றிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் இதைச் செய்யலாமே என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். 58 செ.மீ. அகல மூடியின் பரப்பு சுமார் 2,640 சதுர செ.மீ. உள்ளே அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ (இனி வெறும் கிலோ என்கிறேன்) குறைந்தாலே வெளிக்காற்று அந்த மூடியை 800 கிலோ கனத்தில் அமுக்கும். டிரம் நசுங்கி உட்கார்ந்துவிடும். இரண்டு பக்கமும் குவிந்த மூடி உள்ள கம்ப்ரஸர் தொட்டி அதைத் தாங்கும். காலி கேஸ் சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள்.

தொட்டியில் இரண்டு அங்குலத்தில் இரண்டு வாய் வெல்டிங் செய்ய வேண்டும். ஒன்று மேலே, கழிவு வருவதற்கு. ஒன்று அடியின் தாழ்ந்த இடத்தில், வெளியேறுவதற்கு. இரண்டிலும் முழு வாய் திறக்கும் பால் வால்வு. ஓஸ், ஆயில் எஞ்சினுக்குப் போடுகிற பச்சை சக்‌ஷன் ஓஸ். வண்டிப் பக்கத்து முனையில் கேம்லாக் கப்ளிங். இரண்டு காதையும் மடக்கினால் பிடித்துக்கொள்ளும், கையில் ஒரு சொட்டு படாது. வெளியேறும் வாய்க்கு அடுத்தாற்போல் ஒரு அடி கண்ணாடி ஓஸ் சேர்த்துவிடுங்கள். எதற்கு என்று பிறகு தெரியும்.

கம்ப்ரஸரின் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அது காற்றை இழுக்கும் வாயை ஒரு மூன்று வழி வால்வில் சேருங்கள். ஒரு பக்கம் தொட்டியின் உச்சி, மறுபக்கம் ஃபில்டரோடு வெளிக்காற்று. காற்று வெளிவரும் வாயிலும் அதேபோல் இன்னொரு மூன்று வழி வால்வு. ஒரு பக்கம் தலைக்கு மேலே உயரும் புகைபோக்கிக் குழாய், மறுபக்கம் தொட்டி. சாதாரண வால்வு நாலு போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் மறதியில் காற்று வெளிவரும் பக்கத்து வால்வு இரண்டையும் மூடிவிட்டால் காற்று போக வழியில்லாமல் குழாய் வெடிக்கும். மூன்று வழி வால்வில் எந்நேரமும் ஒரு வழி திறந்தே இருக்கும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தொட்டி உச்சிக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் பொறி (வாட்டர் டிராப்) அவசியம். ஆறு அங்குலக் கனமான பி.வி.சி. குழாய் இரண்டடி, இரு பக்கமும் மூடி, உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் பந்து. தப்பித் தவறி நுரையோ நீரோ ஏறி வந்தால், பந்து மிதந்து மேல் துளையை அடைத்துவிடும். பிஸ்டன் ஓடும் சிலிண்டருக்குள் நீர் போனால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கேஜ் வாங்கும்போது பூஜ்யத்துக்குக் கீழேயும் மேலேயும் காட்டும் காம்பவுண்ட் கேஜ் கேளுங்கள். இழுக்கும்போது பாதரசக் கணக்கில் 9 அங்குலம், அதாவது சுமார் 0.3 கிலோ போதும். அதுவே மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுக்கும், உங்களுக்கு ஒரு மீட்டர்கூடத் தேவையில்லை. தள்ளும்போது 1.2 மீட்டர் மேட்டுக்கு 0.12 கிலோ, ஓஸின் உரசலுக்குக் கொஞ்சம், ஆக 0.4 கிலோவைத் தாண்ட வேண்டாம். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் சேஃப்டி வால்வு பல கிலோ ஏறிய பிறகுதான் திறக்கும், அதற்குள் ஓஸ் பிய்த்துக்கொண்டு உங்கள் சட்டையெல்லாம் பாழாகிவிடும். 0.5 கிலோவில் திறக்கும் வால்வு ஒன்று தனியாகப் போடுங்கள்.

இப்போது நான் தவறு செய்த இடம். பர்கூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேனுக்கு இதே ஏற்பாட்டைச் செய்துகொடுத்தேன். பட்டறையில் வெறும் தண்ணீரில் பார்த்தோம், சரியாக இருந்தது. அடுத்து, கெட்டுப்போன கேழ்வரகுக் களியை உருண்டை உருண்டையாகத் தண்ணீரில் போட்டு, காகிதத்தையும் கிழித்துப் போட்டு இழுத்தோம். நாலு நிமிடத்தில் 80 லிட்டரும் வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து வண்டிக்காரர் திரும்பி வந்தார். வண்டித் தொட்டியின் ஒரு பக்கம் சப்பையாகி உள்ளே போயிருந்தது. கூரைக்கு ஏறிப் பார்த்தேன். தொட்டிக்குக் காற்று வரும் வென்ட் குழாயின் வாயில், விரல் நுழையாதபடி குளவி மண்கூடு கட்டியிருந்தது. பட்டாணி அளவு அறைகள், சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை வழவழப்பு. காற்று உள்ளே வர வழியில்லாமல் நாங்கள் இழுத்த இழுப்பில் தொட்டியே மடங்கிவிட்டது. 60க்கு 40 செ.மீ. பக்கத்தில் 0.1 கிலோ குறைந்தாலே 240 கிலோ அமுக்கும். புதுத் தொட்டிக்கு நான்தான் பணம் கொடுத்தேன். அன்றிலிருந்து வென்ட் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை கட்டாமல் எந்த வண்டியையும் அனுப்புவதில்லை. உங்கள் வண்டியிலும் இன்றைக்கே ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு தடவை இழுக்கும் முன்பும் கக்கூஸ் மூடியைத் திறந்து வையுங்கள், அதுவும் ஒரு காற்று வழிதான்.

ஓட்டும் முறை சுலபம். வண்டித் தொட்டியில் முதலில் 10 லிட்டர் தண்ணீர் விட்டு இளக்குங்கள். அடி வாயை மூடி, வால்வுகளை இழுக்கும் பக்கம் திருப்பி, 9 அங்குலம் வந்ததும் மேல் வாயைத் திறங்கள். ஓஸ் துள்ளும், பயப்பட வேண்டாம். சளசளவென்று காற்றுச் சத்தம் கேட்டால் வண்டித் தொட்டி காலி. இன்னும் 20 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி அதையும் இழுங்கள், ஓஸும் கழுவினாற்போல் ஆகும். பிறகு மேல் வாயை மூடி, வால்வுகளைத் தள்ளும் பக்கம் திருப்பி, அடி வாயைத் திறங்கள். கண்ணாடி ஓஸில் குமிழி தெரிந்த நொடியே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று போய்ச் செப்டிக் டேங்கைக் கலக்கிவிடும். இரண்டு அங்குல வழியில் எதுவும் சிக்குவது அபூர்வம். அப்படியே சிக்கினாலும் ஓஸைக் கழற்ற வேண்டாம், நல்ல தண்ணீர் விட்டு ஊறவைத்து மறுபடி இழுத்தால் வந்துவிடும்.

மோட்டாருக்கு எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். ஷெட்டின் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். தொட்டிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று அருகே போவதுதான் ஆபத்து.

அடுத்த பயணத்துக்கு முன் ஒரு நாள் தர்மபுரி வழியாக வந்தால் வெல்டிங்கை நான் பார்த்துவிடுகிறேன். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

கேள்வி: கேரவன் கழிவுத் தொட்டியில் நாற்றம் போக பினாயில், ஆசிட் ஊற்றலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம் அம்மா. பினாயில், செப்டிக் டேங்கில் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். ஆசிட், வால்வின் ரப்பரைத் தின்னும். அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய வண்டிக்குள் அது உயிருக்கே ஆபத்து. காலி செய்தவுடன் தொட்டியில் 5 லிட்டர் தண்ணீர் விட்டு வைப்பது ஒன்றே போதும். அடியில் தண்ணீர் இருந்தால் கழிவு காய்ந்து ஒட்டாது. நாற்றத்தில் பெரும்பகுதி அந்த ஒட்டலிலிருந்து வருவது.

கேள்வி: குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் இதே கம்ப்ரஸர் ஏற்பாடு வேண்டுமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: தேவையில்லை. ஒரு வடிகட்டியும் சின்ன 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பும் போதும். தென்னை, வாழைப் பாத்திக்கு விடலாம். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் தேங்கினாலே அதுவும் அழுகிவிடும், தினமும் இறக்கிவிடுங்கள். இதற்கு ஓஸ் தனி. கக்கூஸ் தொட்டிக்குப் பச்சை என்றால் இதற்கு நீலம் வாங்குங்கள், இருட்டில் டார்ச் வெளிச்சத்திலும் மாறாது.