பெட்டிப் பிரிவிலிருந்து ஓல்ட் டிராஃபோர்டு வரை

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழுவைத் தொடங்கியவர்கள் ரயில்வே தொழிலாளர்களே என்று எங்கள் காலனிப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். கோடிகள் புரளும் குழுவாயிற்றே, உண்மையா?
– வாசகர், ரயில்வே காலனி, மதுரை

பதில்: பெரியவர் சொல்வது முற்றிலும் சரி. லங்காஷயர் அண்ட் யார்க்‌ஷயர் ரயில்வேயின் நியூட்டன் ஹீத் பணிமனையில், பெட்டி மற்றும் வேகன் பிரிவில் வேலை பார்த்தவர்கள் 1878இல் தொடங்கிய குழு அது. அன்று அதன் பெயரும் நியூட்டன் ஹீத்தான்; சட்டையின் நிறம் இன்றைய சிவப்பு அல்ல, பச்சையும் பொன்னிறமும். தொடக்கத்தில் ரயில்வேயின் பிற பிரிவுகளோடும் பிற ரயில்வே கம்பெனிகளோடும் மோதிய அந்தக் குழு, 1892இல் கால்பந்து லீகில் இடம்பிடித்தது.

பணம்தான் சேரவில்லை. 1902இல் 2,670 பவுண்டு கடனுக்காகக் குழுவைக் கலைத்துவிடும்படி உத்தரவு வந்த நிலையில், மதுபான ஆலை முதலாளியான ஜான் ஹென்றி டேவிஸும் அவரோடு சேர்ந்த சில வணிகர்களும் முதலீடு செய்து அதைக் கைதூக்கிவிட்டார்கள். அணித்தலைவர் ஹாரி ஸ்டாஃபோர்டின் நாய், நிதி திரட்டும் சந்தையிலிருந்து வழிதவறிப் போனதால்தான் அவருக்கும் டேவிஸுக்கும் பழக்கம் ஏற்பட்டது என்றொரு கதை உண்டு. சுவைக்காகக் கொஞ்சம் மெருகேற்றப்பட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன். புதிய பெயரும் சிவப்புச் சட்டையும் அவ்வாண்டே வந்தன. 1908இல் முதல் லீக் பட்டம், 1909இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை, 1910இல் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். அந்த மைதானத்தைக் கட்டுவதற்கும் டேவிஸே பணம் கொடுத்தார்.