நான்கு காரணங்களில் இரண்டு

கேள்வி: எங்கள் புறநகர்ப் பகுதியில் எல்லாமே தனி வீடுகள். சும்மா கிடந்த ஐந்து ஏக்கரில் 400 வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்ட விண்ணப்பித்திருக்கிறார்கள். தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி ஆட்சேப மனு தயாரித்திருக்கிறோம், நகல் இணைத்துள்ளேன். கொடுக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இதற்குள் என் மகளே, "நமக்கு வீடு கிடைத்துவிட்டது, அடுத்தவருக்குக் கதவைச் சாத்துகிறீர்களா?" என்று கேட்கிறாள். நாங்கள் செய்வது தவறா?

பதில்: மனுவைப் படித்தேன். நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள்: மழைநீர் தேங்கும், சாக்கடை தாங்காது, வாடகைக்கு வருகிறவர்களால் பகுதியின் தரம் கெடும், எங்கள் வீடுகளின் மதிப்பு சரியும். முதல் இரண்டுக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். மற்ற இரண்டையும் பற்றி உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி.

வருத்தம் என்னவென்றால், வலுவான இரண்டையும் ஆளுக்கொரு வரியில் முடித்துவிட்டீர்கள். ஐந்து ஏக்கர் என்பது ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர். அங்கே 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 20 லட்சம் லிட்டர் தண்ணீர். இன்று அதில் ஒரு பங்கை மண் குடித்துக்கொள்கிறது, மீதி மெதுவாக வடிகிறது. கூரையும் கான்கிரீட் தளமும் வந்துவிட்டால் பெரும்பகுதி ஒரே வீச்சில் தாழ்வான தெருக்களுக்குப் பாயும். அதைத் தேக்கிவைத்து மெல்ல வெளியேற்ற வளாகத்துக்குள் என்ன ஏற்பாடு? சாக்கடைக் கணக்கும் இப்படித்தான். வீட்டுக்கு மூன்று பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும் தினமும் 1,20,000 லிட்டர் புழங்கும். அதில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பும். அதுவும் காலை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குவிந்து வரும். தனி வீடுகளுக்கென்று போட்ட குழாய் அதைத் தாங்குமா? இதற்கு எண்களோடு எழுத்தில் பதில் கேளுங்கள்.

மூன்றாவது காரணம் என்னைச் சங்கடப்படுத்தியது. அது பழைய குரல். அமெரிக்காவில், எந்த நிறத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று பிரித்த நகரச் சட்டம் செல்லாது என்று 1917இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1926இல், யூக்ளிட் என்ற புறநகர் ஊரின் வழக்கில், கட்டட வகையை வைத்துப் பகுதிகளைப் பிரிக்கலாம் என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடி வெறும் ஒட்டுண்ணி போன்றது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். நிறத்தைச் சொல்லாமலேயே, வசதி குறைந்தவரை எட்ட நிறுத்த அது வழி திறந்துவிட்டது. பல நகரங்களில் தனி வீடு தவிர வேறெதுவும் கட்ட முடியாத பரப்பு விரிந்துகொண்டே போனது. மினியாபொலிஸ் நகர மன்றம் ஒரு மனையில் மூன்று குடியிருப்புகள் வரை கட்டலாம் என்று முடிவெடுக்க 2018 ஆகிவிட்டது. உங்கள் மனுவில் 'தரம்' என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர் தரம் குறைந்தவர் என்று எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

வீட்டு மதிப்பு உங்கள் சொந்தக் கவலை. பொதுநல மனுவில் அதற்கு இடமில்லை.

இன்னொன்று. அந்த 400 குடும்பங்கள் உங்கள் மனுவால் இல்லாமல் போய்விட மாட்டார்கள். ஏக்கருக்கு எட்டு தனி வீடு என்று வைத்தால் அவர்களுக்கு 50 ஏக்கர் வேண்டும். அது இன்னும் தள்ளி, விளைநிலத்திலோ நீர்ப்பிடிப்பிலோதான் கிடைக்கும். அங்கிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும் வண்டிகளில் பல உங்கள் சாலை வழியாகத்தான் வரும்.

ஆகவே 'கட்டக் கூடாது' என்ற தலைப்பை மாற்றுங்கள். குழாயைப் பெரிதாக்கும் வரை, மழைநீர்த் தேக்கம் கட்டி முடியும் வரை யாரையும் குடியேற்றக் கூடாது என்பதை அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், வீடுகள் விற்றுத் தீர்ந்த பிறகு யாரைப் போய்க் கேட்பீர்கள்? மூன்றாவது, நான்காவது பத்திகளை அடித்து நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டையும் விரித்து எழுத உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.